ரோட்டில் கிடந்த மேசை

மெத்தையில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி, சுருட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் அமுக்கி அனுப்பியிருந்தார்கள். கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டியதும் அது பெருமூச்சு விட்டபடி விரியத் தொடங்கியது. தேன்மொழி சுவரோரம் ஒதுங்கி நின்று, அது வளர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் படுக்காத மெத்தை. யாருடைய தலை எண்ணெயும் படாதது. அவள் பெயரில் எடுத்த முதல் வீட்டுக்கு அவள் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள்.

வீடு 'மூன்றரை'. மொன்ட்ரியாலில் வீட்டை இப்படித்தான் எண்ணுகிறார்கள். கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று, குளியலறைக்கு மட்டும் அரை. முதன்முதலில் இதைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டை இந்தக் கணக்கில் போட்டால் ஒன்றுதான் தேறும். கக்கூஸ் எல்லாருக்கும் பொதுவாக வராந்தா கோடியில் இருந்ததால் அந்த அரைகூடக் கிடையாது. அந்த ஒன்றில்தான் சமைத்தார்கள், படுத்தார்கள், சண்டை போட்டார்கள், அப்பாவின் பிணத்தைக் கிடத்தினார்கள். இங்கே அறைக்கு அறை நடந்து போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். எல்லாக் கதவுகளும் மூடின. அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"பிள்ளை, உம்மட சாமான் ரெண்டு சூட்கேசும் ஒரு குக்கரும்தானே. இதுக்கு ஏன் வேன்? பஸ்ஸில வந்திருக்கலாமே." மூச்சிரைக்கப் படியேறி வந்து குக்கரைத் தரையில் வைத்தான் றூபன். லாசாலில் அவள் மூன்று பெண்களோடு இரண்டு வருடம் குடியிருந்த பேஸ்மென்ட் அறையின் வீட்டுக்காரருக்கு மருமகன். கூரியர் வேன் ஓட்டுகிறவன்.

"மூணு மாடி ஏத்தணும்ல, அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்."

"பேரில மட்டும்தான் தேன்." அவன் பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தான். ஜூலை ஒன்றாம் தேதி. ஊரில் பாதி வாடகை ஒப்பந்தங்கள் ஒரே நாளில் முடிந்து, ஊரே வீடு மாறும் நாள். பார்க் எக்ஸ்டென்ஷனின் அந்தத் தெரு முழுக்க லாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நடைபாதையில் சோபா, மைக்ரோவேவ், குழந்தைத் தொட்டில், கண்ணாடி, காலுடைந்த நாற்காலி. "கீழ வந்து ஒருக்காப் பாரும். இண்டைக்கு ரோட்டில கிடக்கிறதெல்லாம் பொதுச் சொத்து. என்ர வீட்டு சோபா, ரீவி ஸ்டாண்ட் எல்லாம் இப்பிடி எடுத்ததுதான். டொக்டர்மாரே எடுக்கினம். துணி, மெத்தை மட்டும் தொடாதையும், மூட்டைப்பூச்சி."

"எனக்கு வேணாம்ணே. அடுத்தவங்க போட்டது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வராது."

"மேசை கதிரை உமக்கு என்ன பாவம் செய்தது?"

அவள் குக்கரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவனுக்கு இன்னும் இரண்டு வீடு மாற்ற வேண்டியிருந்தது. போகிற போக்கில் எதிர்வீட்டு வாசலில் கிடந்த மேசை விளக்கைத் தூக்கி வேனுக்குள் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

பாவம் செய்தவை எல்லாம் புளியந்தோப்பில் இருந்தன. அம்மா புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அங்கே எது பழசானாலும் இங்கே வரும். கதவு மூடாத ஃபிரிட்ஜ் வந்தது, அதைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தார்கள். சாயம்போன திரைச்சீலை வந்தது, பாவாடையானது. சின்ன வயதில் தேன்மொழிக்கு அதெல்லாம் பண்டிகை மாதிரிதான். ஒயர் கூடையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது அந்த வீட்டம்மாவின் மோதிரம் காணாமல் போனது. பள்ளிக்கூட லீவு என்று அவளும் கூடப் போயிருந்தாள். கிளம்பும் நேரத்தில் அம்மாவை வாசலில் நிறுத்தி, கூடையை வாங்கித் தரையில் கவிழ்த்தார்கள். மடித்த பழைய பேப்பர், பஸ் பாஸ், இருமல் மாத்திரை, பாதி முறுக்கு. அந்த முறுக்கு தனக்காக எடுத்து வைத்தது என்று அவளுக்குத் தெரியும். மோதிரம் அன்று சாயங்காலமே வாஷிங் மெஷினுக்குள் கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா எப்போதும் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் ஒரு சுவர்க்கடிகாரம். "அவங்களுக்கு மனசு கேக்கலியாம், குத்தாங்க" என்றாள். அந்தக் கடிகாரம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியதுதான் தேன்மொழிக்குத் தாங்கவில்லை. அந்த வீட்டம்மாவையாவது எப்போதாவது மன்னித்துவிடலாம். மறுநாள் செருப்பை மாட்டிய அம்மாவை அவளால் மன்னிக்க முடியவில்லை. இனிமேல் தன்னையோ தன் வீட்டாரையோ பார்த்து ஒருத்தரும் 'திருடி' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றுதான் படித்தாள். கோபத்தில் படிக்கிற பிள்ளைகள் நன்றாகவே படிப்பார்கள்.

பல்பும் பினாயிலும் வாங்க முனைக்கடைக்கு இறங்கினாள். வெயில் சென்னை வெயிலாட்டம் பிசுபிசுத்தது. தெப்பனேர் என்று எழுதிய அந்தச் சின்னக் கடையில் 'போன்ஜூர்' சொன்ன கிழவருக்கு நன்றிக்கு ஒரு 'மெர்சி'யைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான், பக்கத்துக் கட்டடத்தின் இரும்புப் படிக்குக் கீழே, மேப்பிள் மரத்து நிழலில் அந்த மேசை தனியாக நிற்பதைக் கண்டாள்.

போகும்போதே கண்டிருந்தாள். காணாத மாதிரி போயிருந்தாள்.

பெரிய மேசை இல்லை. நல்ல மரம், அடர்ந்த பழுப்பு, நான்கு நேரான கால்கள், முன்பக்கம் ஒரு டிராயர். பக்கத்தில் வேறு சாமான் இல்லை, ஆளும் இல்லை. அவள் வாழ்நாளில் அவளுக்கென்று ஒரு மேசை இருந்ததில்லை. ஹவுசிங் போர்டு வீட்டில் நீலநிறத் தண்ணீர் டிரம்மின் மேல் பலகையைப் போட்டுத்தான் எழுதுவாள். டிரம் நிறைந்திருந்தால் ஆடாது. பாதி காலியானால் எழுத எழுத உள்ளே தண்ணீர் தளும்பும், எழுத்தும் தளும்பும். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கீழே சத்தம் கேட்டால் புத்தகத்தையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். எஞ்சினியரிங் முழுவதும் அந்த டிரம் மேல்தான் படித்தாள். இத்தனை தூரம் வந்து மாஸ்டர்ஸ் படித்ததும் லாசால் பேஸ்மென்ட்டில் கட்டிலில் சம்மணம் போட்டுத்தான். அந்தத் தளும்பல் இல்லாமல் படிப்பு மண்டையில் ஏறாதோ என்று முதல் மாதத்தில் பயந்ததுகூட உண்டு.

அம்மா வாங்கியது அவர்கள் கொடுத்தது, இதை யாரும் கொடுக்கவில்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். ஊர் வழக்கம். டாக்டர்களே எடுக்கிறார்கள். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம், யார் மனசும் கேட்க வேண்டாம்.

கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். தெருவிலிருந்து அவள் வீட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படியில் மேசைக்கால் கைப்பிடிக் கம்பியில் இடித்தது. கீழே வைத்துவிட்டு மேலே ஓடி, துண்டை எடுத்துவந்து, பிரிமணை போல் சுற்றித் தலையில் வைத்தாள். சும்மாடு. கை மறக்கவில்லை. மேசையைக் கவிழ்த்து, குந்தி, தலையைக் கொடுத்து எழுந்தாள். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன.

பாரம் தலையில் உட்கார்ந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்தது. கண் தானாகத் தாழ்ந்தது. அடுத்த படி மட்டும் தெரிந்தது. பதினைந்து வயதில் இதே மாதிரி மூன்று மாடி. முதல் மாடியில் பாபு அண்ணன் பிரியாணிக்கு மசாலா வறுக்கும் வாசம், இரண்டாம் மாடியில் சலவை சோப்பு, மூன்றாம் மாடித் திருப்பத்தில் கேரம் போர்டில் காய் மோதும் சத்தம். குடத்து நீர் நெற்றியில் வழிந்து உதட்டுக்கு வரும், குளோரின் உப்புக் கரிக்கும். முன்னால் அம்மா, பின்னால் இவள், எதிரே யாராவது வந்தால் ஒரே குரலில் கத்துவார்கள். அப்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் மாடி வீட்டுக் கதவு திறக்கிற ஓசை கேட்டதும் அவள் வாய் தானாகவே கத்தியது.

"தண்ணி, தண்ணி! வழி விடு!"

கதவைத் திறந்த பெண் ஒன்றும் புரியாமல் உள்ளே ஒதுங்கிக்கொண்டாள். எதிர்ப் பால்கனியில் பீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் கைதட்டி "ப்ராவோ மதாம்!" என்றான். தேன்மொழி வாய்விட்டுச் சிரித்தபடியே மேலே போய்ச் சேர்ந்தாள்.

ஜன்னலோரம் மேசையைப் போட்டு, சூட்கேசை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றிப் பார்த்தாள். ஆடவில்லை. உடனே அம்மாவுக்கு வீடியோ போட்டாள். அங்கே சீரியல் எல்லாம் முடிந்து படுக்கப் போகிற நேரம். அம்மா போனை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, அறை அறையாகப் பார்த்துவிட்டு, மேசையில் கண்ணை நிறுத்தினாள்.

"இன்னா தேனு, புத்சா வாங்குனியா?"

"ஆமா."

"நல்ல மரமாட்டம் கீது. டிராயர் வச்சிருக்கான் பாரு. தொற, பாப்போம்."

ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு டிராயரை இழுத்தாள். கற்பூர வாசம் குப்பென்று வந்தது. உள்ளே தீப்பெட்டி, ஊதுபத்திக் கட்டு, பஞ்சுத்திரி நிறைந்த ஒரு சின்ன டப்பா. அப்போதுதான் கண்ணில் பட்டது. மேசையின் நான்கு மூலைகளிலும் பழுப்போடு பழுப்பாய் மங்கிய குங்குமப் பொட்டு. நடுவில் விளக்கு நின்று நின்று ஊறிய எண்ணெய் வட்டம்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் குரல் சட்டென்று இறங்கியது. "யார் ஊட்டு சாமி மேசைடி இது?"

"ரோட்ல கெடந்துதும்மா. வேணாம்னு போட்டிருப்பாங்க."

"திரிய வச்சுனு யாருடி சாமி மேசைய வேணாம்னு போடுவாங்க? எறக்கி வச்சிட்டு எங்கனா பூட்டு வர்றதுக்குள்ள நீ தூக்கினு வந்துட்ட."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவிலிருந்து குரல் வந்தது. தமிழ்க் குரல்.

"இந்த மரத்துக்குக் கீழதானே வச்சனாங்கள்? அப்ப எங்க? கால் முளைச்சு நடந்து போச்சோ?"

"ரெண்டு நிமிசம், ஞானா. கார் எடுக்கத்தான் போனனான்."

"மேசையை விட்டு அரக்காமல் நில்லுங்கோ எண்டு சொன்னனானா இல்லையா? சாமியைக் கொண்டுபோய் இருத்திப்போட்டு வாறதுக்குள்ள மேசையைப் பறிகுடுத்திட்டு நிக்கிறியள். ஆரோ கள்ளன் கொண்டு போட்டான்! வடிவாப் பாத்திருந்து கொண்டு போட்டான்!"

தேன்மொழி ஜன்னலைவிட்டுப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள். கள்ளன் என்பதற்கு அவள் ஊரில் வார்த்தை வேறு. ஆனாலும் அது அதே இடத்தில்தான் போய் இறங்கியது.

"போவாதடி" என்றாள் அம்மா, ரகசியம் பேசுகிற குரலில். "கதவ சாத்து. அவுங்க பூட்டப்புறம் சத்தம் போடாம எட்த்த எடத்துலயே வச்சிட்டு வந்துடு. யாருன்னு தெரியவே வேணாம்."

அம்மா சொன்னதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் கோபத்தைக் கிளப்பியது. "நீ மட்டும் மறுநாளே போனல்ல?"

திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"போனேன்" என்றாள் அம்மா.

தேன்மொழி அழைப்பைத் துண்டித்து, போனைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, துண்டைச் சுற்றித் தலையில் வைத்து மேசையை ஏற்றிக்கொண்டாள். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். பாரம் முன்னால் இழுக்கும், படி தெரியாது, காலால் தடவித் தடவித்தான் இறங்க வேண்டும். மோதிரத்துக்கு மறுநாள் அந்த வீட்டுக்குள் போவதற்கு முன் அம்மா எங்கே நின்றிருப்பாள்? கேட்டருகேயா, தெருமுனையிலா? ஒரு டீ குடித்திருப்பாளா? இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமலேயே மன்னிக்காமல் இருந்திருக்கிறாள்.

"ஐயோ ஞானா, இஞ்ச பார், மேசை நடந்து வருது!"

மரத்தடியில் இருவர் நின்றார்கள். தொப்பி போட்ட ஒல்லியான மனிதர், பேரின்பநாதன். பக்கத்தில் அவர் மனைவி ஞானாம்பிகை, அறுபதைத் தொட்டிருப்பாள். வீடு மாற்றுகிற நாளுக்கென்று எடுத்த பழைய டீசர்ட், நெற்றி நிறையத் திருநீறு, கை நிறையத் தங்க வளையல். தேன்மொழி குந்தி மேசையை இறக்கி, கவிழ்ந்ததை நிமிர்த்தி வைத்தாள். துண்டு தலையிலேயே இருந்தது.

"நான்தான் எடுத்தேன். ரோட்ல கெடக்கறத எடுக்கலாம்னு சொன்னாங்க. சாமி மேசைன்னு தெரியாது. தெரிஞ்ச ஒடனே எறக்கிட்டேன்."

கடைசி வாக்கியம் முழு உண்மை இல்லை. அது அவளுக்கே காதில் விழுந்தது.

ஞானாம்பிகை மேசையைச் சுற்றி வந்தாள். நான்கு மூலைகளிலும் குங்குமத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு டிராயரை இழுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

தேன்மொழிக்குக் காது சுட்டது. "என்ன பாக்குறீங்க? எதாச்சும் கொறையுதா?"

"என்ன?"

"நல்லா பாத்துக்கங்க. என் பையும் மேல இருக்கு. எடுத்துட்டு வரட்டா? கவுத்துப் பாக்கறீங்களா?"

"இந்தப் பிள்ளை என்னப்பா கதைக்குது?" ஞானாம்பிகை கணவனைப் பார்த்தாள். திரி டப்பா கையில் வந்திருந்தது. "திரி தேடுறன் பிள்ளை. அங்க சாமியைச் சீலைத் துண்டை விரிச்சு நிலத்தில இருத்திப்போட்டு ஓடி வந்தனான். இன்னும் விளக்குக் கொளுத்தேல்லை."

உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். திரி தேடுகிற கை டிராயரின் கடைசி மூலைவரை போய் ஊதுபத்திக் கட்டையும் தடவிவிட்டுத்தான் வந்தது. 'கள்ளன்' என்று தெரு முழுக்கக் கத்தியதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"விடு ஞானா" என்றார் பேரின்பநாதன். "இதுகூட நாங்கள் காசு குடுத்தோ வாங்கினது? வந்த வருசம் மொன்ட்ரியால்-நோரில, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில கிடந்து நானும் நீயும்தானே தூக்கி..."

"உங்களை ஆர் இப்ப கேட்டது? வாயை மூடுங்கோ!"

தேன்மொழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞானாம்பிகையின் முகத்தில் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது.

"அது வேற கதை" என்றாள் ஞானாம்பிகை. "அதை ஆரும் தேடி வரேல்லை."

"நீங்க நின்னு பாத்தீங்களா?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. தெருவில் எங்கோ ஒரு லாரி பின்னால் வரும் பீப் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஞானாம்பிகை டிராயரைத் தள்ளி மூடினாள்.

"இல்லை" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "அதுக்குப் பிறகு அந்தத் தெருவாலேயே நான் போகேல்லை, தெரியுமே உங்களுக்கு? மேசையை ஆரும் தேடுவினமோ எண்டு பயத்தில. குளிருக்குள்ள மற்றத் தெருவால சுத்தி மெட்ரோவுக்குப் போனனான்."

"எனக்கு நீ சொல்லவே இல்லையே."

"எல்லாம் உங்களுக்குச் சொல்ல வேணுமோ?"

மூவரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமான் லாரி மற்ற எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர்களுடைய சின்னக் காருக்குள் மேசை நுழையவில்லை. பேரின்பநாதன் கதவு கதவாகத் திறந்து நீளமாக, குறுக்காக, சாய்த்து எல்லாம் முயன்று பார்த்தார். "புது வீடு ரெண்டு தெரு தள்ளித்தான்" என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னார். கடைசியில் காரின் கூரைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, மேசையைக் கவிழ்த்து ஏற்றினார்கள். குங்குமம் வைத்த முகம் கீழே போனபோது ஞானாம்பிகை நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டுவதற்குக் கயிறு இல்லை.

"நீங்கள் அந்தப் பக்கத்துக் காலைப் பிடிச்சுக்கொண்டு காரை ஓடுங்கோ, நான் இந்தப் பக்கம். மெள்ள." முன்சீட்டில் ஏறிய ஞானாம்பிகை ஜன்னல் வழியாக வெளியே தலையை நீட்டினாள். "நீர் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பின்னங்காலைப் பிடியும்."

'வர முடியுமா' என்று கேட்கவில்லை. 'தயவுசெய்து' இல்லை. இன்னொரு நாளாக இருந்தால் தேன்மொழி அப்படியே திரும்பி நடந்திருப்பாள். மேலே வீடு திறந்து கிடந்தது. பின்பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது, அம்மாதான். அவள் பின்கதவோரம் போய் இரண்டு கைகளாலும் மேசைக்காலைப் பற்றினாள்.

கார் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு ஒல்லிக் கை, இந்தப் பக்க ஜன்னலிலிருந்து வளையல் கை, பின்னால் அவள். வழியெங்கும் நடைபாதையில் நாற்காலிகளும் தொட்டில்களும் யாருக்கோ காத்துக் கிடந்தன. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவனும் அடித்தான். ஞானாம்பிகை திரும்பியே பார்க்கவில்லை, அவள் வளையல்கள் மட்டும் கூரைத் தகரத்தில் கலகலவென்று மோதிக்கொண்டிருந்தன. முனையில் கார் இடதுபக்கம் வளைந்தது. மேசை மெல்லச் சறுக்கித் தேன்மொழி பக்கம் சாய, அதன் கனம் முழுவதும் அவள் உள்ளங்கைகளுக்கு வந்தது. காலை அகட்டி ஊன்றி, அவள் அதைத் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.